மீன் வண்டியை எழுப்புவது: அதே இன்ஜினா, மாற்று இன்ஜினா, காயலான் கடையா?

மாமாவின் டாடா 407 கடலூர் முதுநகரில் புளியமரத்தடியில் ஆறு வருடமாக நின்றது. துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிய வண்டி. எழுப்பலாம் என்று இறங்கியபோது ஆளுக்கொரு யோசனை. இருக்கிற இன்ஜினையே பார்க்கலாம் என்றேன் நான். வேறு வண்டியில் ஓடின இன்ஜினைப் புதுச்சேரியில் வாங்கி மாட்டு என்றார் சித்தப்பா. அத்தைக்குக் காயலான் கடைதான்.

பட்டறைக்காரர் வந்ததும் சொன்னது: "தம்பி, சாவியத் தொடாதீங்க." நின்ற வண்டியில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவேறி, பிஸ்டன் ஓடும் குழாயான லைனரோடு ஒட்டியிருக்கும். செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், லைனரில் கோடு விழும். டீசலைப் பீய்ச்சும் நாசில் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார். மூன்றாம் நாள் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனரை மாட்டி, பைப் சொருகி, முன்னும் பின்னுமாக அசைத்தார். அரை மணி நேரம் மசியவே இல்லை. அப்புறம் ஒரு முறுகல் சத்தம், கொஞ்சம் நகர்ந்தது. சாயங்காலத்துக்குள் முழுச் சுற்று வந்துவிட்டது. ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்தால் கறுப்பு. பால் டீ நிறத்தில் இருந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது நானே சித்தப்பா பக்கம் சாய்ந்திருப்பேன்.

மாற்று இன்ஜினில் வேலை சீக்கிரம் முடியும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது எந்த வண்டியில் எப்படி ஓடியது என்று யாருக்குத் தெரியும்? இன்ஜின் மாறினால் ஆர்.சி.யில் நம்பரும் மாற வேண்டும், அதற்கு ரசீது வேண்டும். நாங்கள் விசாரித்த இரண்டு இடத்திலும் ரசீது என்றதும் பேச்சு வேறு பக்கம் போனது. அதைவிட முக்கியம், எந்த இன்ஜின் போட்டாலும் மற்ற வேலை குறையாது. டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும், பிரேக்கின் வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டும், ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட்டைப் பிரிக்க வேண்டும், எலி கடித்த வயருக்குப் பதில் புது வயர் இழுக்க வேண்டும். டயர் தனிக்கதை.

காயலான் கடை யோசனையை நான் சிரித்துத் தள்ளவில்லை. மீன் வண்டிக்கு எமன் இன்ஜினில் இல்லை, ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீரில் இருக்கிறது. சின்னச் சுத்தியலோடு வண்டிக்கடியில் படுத்து அடிச்சட்டமான சேசிஸை நெடுகத் தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு கணீரென்கும், இற்றது தொப்பென்கும். பாடியின் குறுக்குச் சட்டங்கள் தொப், சேசிஸ் முழுக்கக் கணீர். ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஒரு தொப் கேட்டிருந்தாலும் அத்தை சொன்னதே சரி. அப்படிக் கொடுப்பவர்கள் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டி போன பிறகும் பெயர் உங்களுடையதாகவே நிற்கும்.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, அந்தச் செலவையும் கூட்டித்தான் பழைய இன்ஜினோடே போனோம். நாசிலும் பம்பும் டெஸ்டிங் முடிந்து வந்தன. ஃபில்டர் போல்ட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை டீசல் லைனில் சிக்கிய ஏரை எடுத்தார். இரண்டாவது செல்ஃபில் பிடித்தது. மரத்தடி முழுக்க வெள்ளைப் புகை. மாமா கேபினில் ஏறி முதலில் அமுக்கியது ஹாரனை. அது மட்டும் வேலை செய்யவில்லை.