பிட்ஸ்பர்க் பிஎன்சி பார்க்: எந்தப் பக்கம் உட்காருவது, எந்தப் பக்கமிருந்து நுழைவது

பேஸ்பாலே பார்த்திராத நண்பர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு ஸ்டேடியத்துக்குப் போவதென்றால், அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டியது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிஎன்சி பார்க். 2001-ல் திறந்தது. சுமார் 38,700 இருக்கைகள், இரண்டே அடுக்கு. ஆக உயரத்தில் இருக்கும் இருக்கைகூட மைதானத்திலிருந்து 88 அடிதான். பல அடுக்கு ஸ்டேடியங்களின் உச்சியில் உட்கார்ந்தால் பந்து கண்ணில் படாது, பெரிய திரையைப் பார்த்தே பொழுது போய்விடும். இங்கே குறைந்த விலை மேலடுக்கிலிருந்தே பந்து வீசும் பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்புவது தெரியும். வலது ஃபீல்டு சுவருக்குப் பின்னால் அலெகெனி ஆறு, அதன் மேல் மஞ்சள் பாலம், அக்கரையில் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள். அந்தக் காட்சிக்காகவே வருகிறவர்கள் நிறைய. ஆனால் அது எல்லா இருக்கைக்கும் கிடைக்காது. டிக்கெட் வாங்கும்போது பக்கம் மாறிவிட்டால் காட்சி போச்சு.

பேட்டர் நின்று அடித்துவிட்டு ஓடத் தொடங்கும் ஹோம் பிளேட்டிலிருந்து மைதானத்தைப் பார்த்தால் வலது கைப்பக்கம் அவர் முதலில் தொட வேண்டிய முதல் பேஸ், இடது கைப்பக்கம் மூன்றாம் பேஸ். ஆறும் நகரமும் வலது பக்கம் என்பதால், மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்தவருக்குத்தான் அவை நேர் எதிரே. முதல் பேஸ் பக்கம் உட்கார்ந்தால் நகரம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வழக்கமாக முதல் பேஸ் பக்கம் இருக்கும் உள்ளூர் அணி வீரர்கள் உட்காரும் டக்அவுட்டையே, நகரம் தெரிய வேண்டும் என்று இங்கே மூன்றாம் பேஸ் பக்கம் கட்டினார்கள். மேலடுக்கில் 316-ஐ ஒட்டிய பகுதிகள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வரும். அங்கிருந்து எண் கூடக் கூட மூன்றாம் பேஸ் பக்கம் நகரும். 317-லிருந்து 325 வரைக்குள் எடுங்கள். கீழடுக்கின் விலை உயர்ந்த இருக்கையைவிட இதுதான் நல்லது என்பேன். கீழே இருந்தால் ஆட்டம் நெருக்கம், உண்மைதான். ஆனால் ஆறு மறைந்துவிடும்.

வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். மாலை ஆட்டத்தில் சூரியன் ஹோம் பிளேட்டுக்குப் பின்பக்கம் இறங்கும், அதனால் மூன்றாம் பேஸ் பக்கத்துக்குத் தொந்தரவு குறைவு. ஹோம் பிளேட்டுக்கு எதிர்க்கோடியான அவுட்ஃபீல்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இரண்டு மணி நேரம் கண்ணில் அடிக்கும். ஞாயிறு மதிய ஆட்டமென்றால் நிலைமை தலைகீழ்: மூன்றாம் பேஸ் பக்கம் தெற்கைப் பார்த்திருப்பதால் வெயில் நேராக முகத்தில் விழும். அன்றைக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும், அல்லது கீழடுக்கின் கடைசி வரிசைகளை எடுத்து மேலடுக்கின் நிழலுக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பயணத்தேதி கையில் இருந்தால் மாலை ஆட்டத்தையே பிடியுங்கள். மொத்தமுள்ள ஒன்பது இன்னிங்ஸில் ஆறாவது வாக்கில் அக்கரைக் கட்டடங்களில் விளக்கு ஒவ்வொன்றாக ஏறும்.

தேதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தொடக்க பிட்சர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். யார் எந்த நாள் என்ற உத்தேசப் பட்டியல் சில நாள் முன்பே வந்துவிடும். பைரேட்ஸ் கடைசியாக உலகத் தொடரை, அதாவது ஆண்டு சாம்பியன் பட்டத்தை, வென்றது 1979-ல், அதனால் வார நாள்களில் இடம் தாராளமாகவே கிடைக்கும். ஆனால் பால் ஸ்கீன்ஸ் வீசும் நாளில் கூட்டமே வேறு. 2024-ல் பைரேட்ஸ் ஆடும் நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம், 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அவர் நாளும் உங்கள் நாளும் ஒன்றாக அமைந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், அந்த ஆட்டத்தை எந்தப் பக்கம் உட்கார்ந்தும் பார்க்கலாம்.

கிரிக்கெட் கண்ணோடு வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வலது ஃபீல்டு சுவர். உயரம் 21 அடி, பைரேட்ஸின் பழைய நட்சத்திர வீரர் ராபர்ட்டோ கிளெமென்ட்டியின் ஜெர்சி எண் 21 என்பதற்காக வைத்தது. எல்லைக்கோட்டைத் தொட்டால் நான்கு ரன் என்ற பழக்கம் இங்கே செல்லாது. சுவரில் பட்டுத் திரும்பும் பந்து உயிரோடுதான் இருக்கும். ஃபீல்டர் சுவரை நோக்கி ஓடிக்கொண்டே அது எங்கே எகிறும் என்று கணிக்க வேண்டும். கணிப்புத் தப்பினால் ஒரு பேஸில் நிற்க வேண்டிய ஆள் மூன்றாம் பேஸ் வரை ஓடிவிடுவார். இடது பக்கச் சுவரோ 6 அடிதான், அங்கே சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆக வேண்டிய பந்தை ஃபீல்டர் குதித்தே பறிக்கலாம். அந்த 21 அடிச் சுவரிலேயே மற்ற ஊர்களில் நடக்கும் ஆட்டங்களின் ஸ்கோர்போர்டும் பதித்திருக்கிறது. எந்த இன்னிங்ஸ், எத்தனை அவுட், எந்தெந்த பேஸில் ஆள் நிற்கிறார் என்பது வரை அதில் தெரியும். ஹோம் பிளேட்டிலிருந்து ஆறு 443 அடி 4 அங்குலம். ஆட்டத்தில் ஒரு பந்து தரையைத் தொடாமல் நேராக ஆற்றில் விழுந்தது முதன்முதலில் 2002 ஜூலை 6-ல், அடித்தவர் ஹியூஸ்டன் அணியின் டேரில் வார்டு.

2023-ல் பிட்சர் வீச வேண்டிய நேரத்துக்கு வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு ஆட்டம் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நிதானமாக வந்து மூன்றாவது இன்னிங்ஸில் உட்காரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், மூன்றில் ஒரு பங்கு வரை போயிருக்கும்.

வருகிற வழி. கிளீவ்லேண்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கொலம்பஸிலிருந்து மூன்று, வாஷிங்டனிலிருந்து நான்கு, பிலடெல்பியாவிலிருந்து ஐந்து. பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச்சாலையில் பணம் வாங்கும் ஆள் கிடையாது. காரில் சுங்கம் தானாகக் கழியும் ஈஸி பாஸ் கருவி இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு பில் அனுப்புவார்கள். வாடகைக் காரென்றால் நிறுவனம் தன் கட்டணத்தையும் அதன் மேல் சேர்க்கலாம். நான்கு பேர் சேர்ந்து போகும்போது ஒருவருடைய ஈஸி பாஸை எடுத்து வருவதுதான் மலிவு. காலையில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போய்விட்டு மாலை ஆட்டத்துக்கு வருவது நம்மவர்கள் பலரின் திட்டம், நல்ல திட்டம்தான். ஆனால் இடையில் ஐ-376-ல் ஸ்குரல் ஹில் டனல் இருக்கிறது. டனல் வாயில் எல்லோரும் பிரேக் பிடிப்பதாலேயே பின்னால் மைல் கணக்கில் வண்டிகள் நிற்கும். அரை மணி நேரப் பாதைக்கு வெள்ளி மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். விமான நிலையப் பக்கமிருந்து வந்தால் ஃபோர்ட் பிட் டனல். வெளியே வந்த நொடியே பாலம், நகரம் முழுதும் கண்முன். அதே பாலத்தில் லேன்களும் பிரிந்துவிடும். பலகையை டனலுக்கு முன்பே படித்து உங்கள் லேனில் நின்றுகொள்ளுங்கள், நடுவே மாறப் பார்த்தால் ஆபத்து.

ஸ்டேடியத்தை ஒட்டிய பார்க்கிங்கில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். விலையும் அதிகம், ஆட்டம் முடிந்ததும் வெளியே வர நேரமும் அதிகம். அக்கரையில் டவுன்டவுனில் நிறுத்திவிட்டு ராபர்ட்டோ கிளெமென்ட்டி பாலத்தில் நடந்து வாருங்கள். ஆட்ட நாளில் அந்தப் பாலத்தில் கார் விடமாட்டார்கள், முழு அகலமும் நடப்பவர்களுக்குத்தான். ஐந்து நிமிட நடை. நடக்க முடியாதவர்களுக்கு டி என்ற லைட் ரயில் உண்டு, டவுன்டவுனுக்கும் நார்த் சைடு நிலையத்துக்கும் இடையே டிக்கெட்டே கிடையாது.

பாலம் முடியும் இடத்தில் கிளெமென்ட்டியின் சிலை. வேகமாகக் கடந்துவிடாதீர்கள். சரியாக 3,000 ஹிட் அடித்தவர். 1972 டிசம்பர் 31-ல் நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். பாலத்துக்கும் சுவருக்கும் அவரை ஏன் நினைவாக்கினார்கள் என்பது நண்பர்களுக்கு அங்கேயே விளங்கிவிடும்.

டிக்கெட் போனில்தான், எம்எல்பி பால்பார்க் ஆப்பில். ஐந்து டிக்கெட்டும் ஒரே போனில் இருந்து, அந்தப் போனுக்குச் சார்ஜ் போய்விட்டால் ஐந்து பேரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். வாங்கிய அன்றே ஆளுக்கொன்றாக அனுப்பிவிடுங்கள். கேட் அருகே சிக்னல் திணறும், அதனால் வரிசையில் சேரும் முன்பே போன் வாலட்டில் ஏற்றி வையுங்கள். பையின் அளவு, வெளி உணவு பற்றிய விதிகளை அணியின் பக்கத்தில் அந்த வாரமே ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. பை இல்லாமல் போனால் இன்னும் சுலபம்.

சாப்பாட்டில் ஊருக்கே உரியது பிரிமான்டி சாண்ட்விச்: இரண்டு தடித்த பிரெட் துண்டுகளுக்கு நடுவே இறைச்சி, சீஸ், தக்காளி, கோல்ஸ்லா, அதோடு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸும் உள்ளேயே. ஒரு ஆளுக்கு ஒன்று தாராளம். கோல்ஸ்லாவின் ஈரம் இறங்கினால் பத்து நிமிடத்தில் பிரெட் ஊறிப் பிய்ந்துவிடும், வாங்கிய இடத்திலேயே நின்று தின்றுவிட வேண்டும். சைவக்காரர்கள் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்த பியரோகியைத் தேடுங்கள், மேலே பேக்கன் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னிங்ஸ் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். உள்ளூர் அணிக்கு இரண்டு அவுட் ஆனதுமே போனால் வரிசை பாதிதான்.

மழையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். கூரை கிடையாது. தார்ப்பாய் விரித்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம்கூடக் காத்திருப்பார்கள், வானத்தைப் பார்த்து உடனே கிளம்பாதீர்கள். ஆனால் ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தால் அது முழு ஆட்டமாகவே கணக்காகும், டிக்கெட்டுக்கு மாற்று கிடைக்காது. அன்றிரவே வெகுதூரம் ஓட்ட வேண்டியவர்கள் இதை நினைத்து ஓட்டலை முன்பே போட்டுவையுங்கள்.

மறுநாள் காலை ஒரு மணி நேரம் இருந்தால் ஓக்லண்டில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பக்கம் போங்கள். பைரேட்ஸின் பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்டு சுவரின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. பக்கத்திலிருக்கும் போஸ்வார் ஹாலுக்குள் பழைய ஹோம் பிளேட்டைத் தரையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை.