பயாப்ஸி படிவத்தில் காலியாக விடப்பட்ட ஒரு வரி

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்து 9 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால், இரண்டு கவளம் உண்பதற்குள் வயிறு நிறைந்துவிடுகிறது என்று அவள் சொல்லத் தொடங்கியபோது வீட்டில் ஒருவருக்கும் பழைய நோய் நினைவுக்கு வரவில்லை. எங்களை விடுங்கள். அது நினைவுக்கு வந்திருக்க வேண்டியவர் வயிற்று மருத்துவர்.

பழைய ஃபைலை அக்கா ஒவ்வொரு முறையும் கொண்டுபோவாள். ஓரம் கிழிந்து, கயிறு கட்டிய மஞ்சள் ஃபைல். மருத்துவரின் மேசையில் அதை வைப்பாள்; அவர் அதன்மேல் தன் மருந்துச்சீட்டை வைத்து எழுதுவார். ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட அந்தக் கயிறு அவிழவில்லை. அமில மாத்திரை, பிறகு இன்னும் வீரியமான அமில மாத்திரை, கிருமிக்கு ஒரு கோர்ஸ். எடை இறங்கிக்கொண்டே போனது. எண்டோஸ்கோபி செய்து, மேலாக இரண்டு துணுக்குகள் எடுத்து, "சாதாரண இரைப்பை அழற்சிதான், கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். அக்காவும் கவலைப்பட்டது தன் தப்புதான் என்று நம்பிவிட்டாள். அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பரிசோதனை ஏன் ஏமாற்றியது என்பது பிறகுதான் புரிந்தது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் வரை லோபுலார் வகை, அதாவது பால் சுரக்கும் சிறு மடல்களில் தொடங்குவது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கெட்ஹெரின் என்ற புரதம் இதில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் செல்கள் கட்டியாகத் திரளாமல் தனித்தனியாகவோ வரிசையாகவோ ஊடுருவிச் செல்கின்றன. இரைப்பைக்குப் பரவும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் இந்த வகைதான். அது உள்தோலுக்கு அடியில் பரவுவதால் மேற்பரப்பு பளபளவென்று நன்றாகவே தெரியலாம். சுவர் மட்டும் தடித்து விறைத்துப்போகும். மேலாகக் கிள்ளிய துணுக்கில் ஒன்றும் அகப்படாமல் போவது வியப்பில்லை. கிள்ளிய இடத்திலேயே மறுபடி கிள்ளி ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகவே அல்ட்ராசவுண்டும் பார்க்க வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால்தானே அதெல்லாம்!

இரண்டாவது எண்டோஸ்கோபியில் காற்றைச் செலுத்தியும் இரைப்பை விரியவில்லை. இம்முறை துணுக்குகளை ஆழமாக எடுத்தார்கள். முடிவு: சிக்னெட் ரிங் செல்கள், அதாவது முத்திரை மோதிரம் போலத் தெரியும் செல்கள், கொண்ட இரைப்பைப் புற்றுநோய். இரைப்பையை முழுவதும் அகற்ற வேண்டும், தாமதித்தால் ஆபத்து என்றார்கள். முன்பணம் கட்டினோம். தேதியும் குறித்தாயிற்று.

அறுவை சிகிச்சைக்கு ஆறு நாள் முன்னால் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஆய்வகத்துக்கு அனுப்பிய படிவத்தின் நகல் கையில் சிக்கியது. பெயர், வயது, பாலினம். நோயின் அறிகுறி என்ற இடத்தில் "வயிற்று வலி". முந்தைய நோய்கள் என்ற வரி வெறுமையாக இருந்தது. அக்காவின் 9 ஆண்டு வரலாறு முழுவதும் அந்த ஒற்றை வரியில் வந்திருக்க வேண்டும்.

வேறொரு புற்றுநோய் மருத்துவரிடம் ஓடினோம். அவர் கயிற்றை அவிழ்த்துப் பழைய நோயியல் அறிக்கையைத் தேடி எடுத்தார். "லோபுலார்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அறுவை சிகிச்சையை நிறுத்துங்கள். இரண்டு இடத்துப் பிளாக்குகளையும் வாங்கி வாருங்கள்" என்றார். பிளாக் என்பது திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறு கட்டி. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டன. லோபுலார் செல்களும் சிக்னெட் ரிங் வடிவத்தில் வரக்கூடும். வெறும் நுண்ணோக்கியில் பார்த்தால் இரைப்பையிலேயே தோன்றிய புற்றுநோய் போலவே இருக்கும். புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் இம்யூனோ பரிசோதனைதான் பிரித்துக் காட்டும். மார்பகப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அரிதாக இரைப்பைப் புற்றுநோயிலும் தெரியக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், மார்பகத்தைச் சுட்டும் காட்டா-3, செரிமானப் பாதையைச் சுட்டும் சிகே-20, சிடிஎக்ஸ்-2 ஆகிய புரதங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் காட்டா-3-உம் இருந்தன, மற்றவை இல்லை. பழைய நோயேதான், இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

இது நல்ல செய்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிகிச்சையே தலைகீழாக மாறியது. மார்பகத்திலிருந்து பரவியதற்கு இரத்தக்கசிவு, அடைப்பு போன்ற காரணங்கள் இல்லாவிட்டால் இரைப்பையை அகற்றுவதில் பொதுவாகப் பயனில்லை; உடல் முழுவதையும் எட்டும் மருந்துதான் வேண்டும். அக்காவுக்கு ஹார்மோன் தடுப்பு மாத்திரையும், அதனுடன் செல் பெருக்கத்தைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையும் தொடங்கினார்கள். நோய் போய்விடாது, பிடித்து நிறுத்தலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். நான்காவது மாதத்தில், முதல்முறையாகத் தட்டில் வைத்ததை முழுவதும் உண்டுவிட்டு, "போதும், இனிமேல் வைக்காதே" என்று அக்கா என்னை அதட்டினாள்.

மார்பகப் புற்றுநோய் வந்துபோனவர்கள் எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும், எந்த மருத்துவரிடமும் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஃபைலை நீட்டினால் போதாது; நாங்கள் நீட்டிக்கொண்டுதான் இருந்தோம். எந்த வகை என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெட் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் லோபுலார் வகையில் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அது அதில் மங்கலாகவே தெரியக்கூடும். துணுக்கு எடுக்கும் நாளில் படிவத்தை வாங்கி நீங்களே படியுங்கள்.

முதல் மருத்துவமனைக்குப் புகார் எழுதினேன். முன்பணத்தில் பாதியைத் திருப்பினார்கள், கூடவே ஒரு கடிதமும் வந்தது. படிவத்தில் முந்தைய நோய்கள் என்ற இடம் கட்டாயமாக நிரப்ப வேண்டியது அல்ல என்று அதில் எழுதியிருந்தது.