பினாங்கில் பழைய சினிமா போஸ்டர் வாங்குகிறவர்களே, கவனம்: எனக்குப் போனது 4,800 வெள்ளி (ரிங்கிட்)

எனக்குப் போலி எம்.ஜி.ஆர். பட போஸ்டரை விற்ற கடைக்காரர், நேற்று இரவு பத்து மணி வாக்கில் அதே மாதிரி ஒன்றை இணைய நேரலையில் மறுபடி விற்பனைக்குக் காட்டினார். அதே மடிப்புக் கோடு, அதே மூலையில் அதே தேநீர்க் கறை. கிள்ளானிலிருந்து ஒருவர் "அண்ணே, எனக்கு எடுத்து வைங்க" என்று எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். உடனே நான் கீழே "வாங்காதீங்க, டூப்ளிகேட்" என்று போட்டேன். அரை நிமிடத்தில் என் வரியை அழித்துவிட்டு என்னையும் வெளியே தள்ளிவிட்டார்கள். அதனால்தான் தூக்கத்தை விட்டு இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன். பெயரைப் போட்டால் கேஸ் போடுவோம் என்று வாட்ஸ்அப்பில் மிரட்டியும் இருக்கிறார்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் பழம்பொருள் விற்கிற கடை, வாரத்தில் இரண்டு இரவு இணையத்திலும் விற்பார்கள். இவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரிஜினல் போஸ்டரை எப்படி அடையாளம் காண்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், அதுவரை பொறுத்துப் படியுங்கள்.

நான் இதில் புதியவன் இல்லை. 2009 வாக்கில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில், தரையில் தார்ப்பாய் விரித்து விற்ற ஒரு பாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியவரிடம்) ஆறு தமிழ்ப் பட போஸ்டர்களைச் சேர்த்து நாற்பது வெள்ளிக்கு வாங்கியிருக்கிறேன். அப்போது அதை யாரும் மதிக்கவில்லை. போஸ்டர் என்றால் சுவரில் பசை தடவி ஒட்டுவார்கள், மழையில் ஊறும், அடுத்த படத்தின் போஸ்டர் மேலே ஏறும், அதோடு அதன் கதை முடிந்தது. ஒட்டாமல் மிஞ்சியதைக் கிடங்கில் கரையான் தின்றது. 1950களின் காகிதம் இன்று இவ்வளவு அரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இப்போது நிலைமையே வேறு. பழைய தியேட்டர்கள் மூடிவிட்டன, படமே ஹார்ட் டிஸ்கில் வருகிறது. எம்.ஜி.ஆர்., சிவாஜி பார்த்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளான எங்கள் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, அப்பா அம்மா ஞாபகமாக ஏதாவது வேண்டும் என்று தேடுகிறோம். உணவகக்காரர்களும் சுவரில் மாட்டக் கேட்கிறார்கள். 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏலம் பார்க்க ஆரம்பித்தார்கள், அன்றைக்கு ஏறிய விலை இன்னும் இறங்கவில்லை. விலை ஏறினால் போலியும் வரும். எங்கோ ஒருவர் நல்ல போஸ்டரைத் தெளிவாகப் படமெடுத்து இணையத்தில் போட்டால் போதும். பெரிய இங்க்ஜெட் இயந்திரம் வைத்திருக்கிற பேனர் கடையில் 30-க்கு 40 அங்குலத்தில் அச்சடித்து எடுத்துவிடலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் 4,800 வெள்ளியைக் கொடுத்தேன்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் எண்பது. பதின்மூன்று வயதில் எஸ்டேட் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய 'நாடோடி மன்னன்' அவருக்கு உயிர். 1958-ல் வந்த படம், எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கியது. முன்பகுதி கறுப்பு வெள்ளை, பின்பகுதி கலர். திரையில் திடீரென்று கலர் வந்ததும் திடலே எழுந்து கத்தியதாம். இந்தக் கதையை அப்பா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அந்தப் படத்தின் முதல் வெளியீட்டு போஸ்டர் ஒன்று கிடைக்காதா என்று எத்தனையோ வருஷமாகத் தேடினேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு நண்பர் ஒருவர் சொல்லி அந்தக் கடைக்குப் போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க நம்மவர். நெற்றியில் திருநீறு, பேச்சில் அப்படி ஒரு கனிவு. "வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். பையனை அனுப்பி தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கி வரச் சொன்னார். அப்பா கதையைக் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், எழுந்து உள்ளே போய் ஒரு பெரிய சட்டத்தைத் தூக்கி வந்தார். கண்ணாடிக்குள் எம்.ஜி.ஆர். வாளோடு நிற்கிறார். காகிதம் மஞ்சள் பாய்ந்து, நடுவே குறுக்கும் நெடுக்குமாக மடிப்புக் கோடுகள், ஓரத்தில் சின்னக் கிழிசல், மூலையில் தேநீர்க் கறை.

"எங்க தாத்தா படக் கம்பெனிக்கு வேலை செஞ்சவரு தம்பி. ரீல் பெட்டியோட ராஜுலா கப்பல்ல வந்த பேப்பர் இது. இத்தனை வருஷம் எங்க வீட்டு அலமாரியில படுத்திருந்துச்சு."

ராஜுலா என்ற பெயரைக் கேட்டதும் நான் விழுந்துவிட்டேன். எங்கள் தாத்தாவும் பாட்டியும் மெட்ராஸிலிருந்து பினாங்குக்கு வந்தது அதே கப்பலில்தான். அதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து "அப்ப நாம ஒரே கப்பல் சொந்தம்" என்றார். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

சட்டத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்காமல் இல்லை. கேட்டேன். "வேண்டாம் தம்பி, இத்தனை வயசுப் பேப்பர், பிரிச்சா மடிப்புல உடைஞ்சிரும். அப்புறம் நீங்களும் வருத்தப்படுவீங்க, நானும் வருத்தப்படுவேன்." நியாயமாகத்தான் பட்டது. பழைய காகிதம் மடிப்பில் உடைவது உண்மைதானே. 1931-ல் வந்த டிராகுலா படத்தின் போஸ்டர் 2017-ல் அமெரிக்க ஏலத்தில் 525,800 டாலருக்குப் போன செய்தியைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். அந்தச் செய்தி உண்மை, எனக்கும் தெரியும். உண்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பொய்யை விற்றார். 5,000 வெள்ளி சொன்னவர், "அப்பாவுக்குன்னு சொல்றீங்க" என்று 200 குறைத்தார். முதலில் ஆயிரம், மறுவாரம் போய் மீதி 3,800. இரண்டு தடவையும் வங்கிக் கணக்குக்கு டுவிட்நவ் வழியாக, கைப்பேசியிலேயே அனுப்பினேன். கணக்கு கடைப் பெயரில் இல்லை, ஏதோ ஒரு பெண் பெயரில் இருந்தது. "என் மருமக கணக்கு தம்பி" என்றார், நானும் அனுப்பிவிட்டேன். ரசீதைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன். வீட்டில் பிரித்தால் 'அலங்காரப் படம் 1' என்று எழுதியிருக்கிறது. ஒரிஜினல் என்ற சொல்லும் இல்லை, வருஷமும் இல்லை.

குட்டு வெளிப்பட்டது பட்டர்வொர்த்தில் படச் சட்டம் போடுகிற கடையில். பின்னாலிருந்த மட்டமான அட்டையை மாற்றி, அமிலமில்லாத அட்டை வைக்கலாம் என்று கொண்டுபோனேன். சீனத் தவுக்கே (கடை முதலாளி) ஒருவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை எடுத்துவிட்டு, காகிதத்தைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தேநீர்க் கறை முன்னால் இருக்கிறது, பின்னால் ஒரு சொட்டு ஊறவில்லை. தவுக்கே மடிப்புக் கோட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினார், என்னையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று போனது. அங்கே மடிப்பே இல்லை! மடிப்பு, கிழிசல், கறை, மஞ்சள் நிறம் எல்லாமே அச்சு. "பாஸ், இனி பாரு புன்யா" என்றார் மெதுவாக. இது புதுசு என்று அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்து லித்தோ என்றால் கையால் வரைந்து கல்லிலோ தகட்டிலோ ஏற்றி அடித்தது. லென்ஸில் சாக்பீஸ் தேய்த்தது மாதிரி சொரசொரப்பு தெரியும். ஆஃப்செட் அச்சு என்றால் வண்ணப் புள்ளிகள் ஒழுங்காகப் பூ மாதிரி சேர்ந்திருக்கும். இதில் இரண்டும் இல்லை. மாவு தூவினது மாதிரி பொடிப்பொடியாகச் சிதறல். இங்க்ஜெட்.

அதைவிட என்னை அடித்துப் போட்டது கீழே ஓரத்தில் இருந்த ஒரு சொல். 'சென்னை'. அந்த 'னை' இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரி இருந்தது. தமிழ்நாட்டில் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டதே 1978-ல், அதுவும் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது. பெரியாரின் பத்திரிகைகளில் புது எழுத்து முன்பே உண்டு, மற்றபடி னை, லை, ணை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவத்தில்தான் அச்சாகும். ஆக, படமெடுத்துப் போலி அடித்தார்களே, அந்த மூலமே 1958 இல்லை. எப்போதோ மறுவெளியீட்டுக்கு அடித்த போஸ்டர். அதன் நகலுக்குத்தான் நான் 4,800 வெள்ளி கொடுத்திருக்கிறேன். கண்ணாடிக்கு மேலேயே படித்திருக்கக்கூடிய சொல் அது.

அன்றே கூப்பிட்டேன். "தம்பி, கோயில்ல இருக்கேன், சாயந்திரம் பேசுறேன்." சாயந்திரம் எடுக்கவில்லை. மறுநாள் படங்களை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூன்றாம் நாள் வேலைக்கு அரை நாள் லீவு போட்டு, ஃபெர்ரி ஏறி நேரில் போனேன். தே தாரேக் வாங்கி வந்த அதே பையன்தான் இருந்தான். "பாஸ் ஈப்போ போயிட்டாருண்ணே." உள்ளே அவர் இருமுவது எனக்குக் கேட்டது. அரை மணி நேரம் நின்றேன். பையன் விளக்கை அணைத்துக் கதவை இழுக்க ஆரம்பித்தான்.

அதற்கு அப்புறம்தான் அவரே கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. தம்பி போய் 'சார்' வந்துவிட்டது. "நான் ஒரிஜினல்னு எங்க சார் சொன்னேன்? பழைய போஸ்டர்னுதானே சொன்னேன்? ரசீதைப் பாருங்க." ராஜுலா கப்பலைக் கேட்டேன். "அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றது." அப்புறம் இன்னொரு பேச்சு: "சட்டத்தைப் பிரிச்சிட்டீங்க. உள்ள இருந்ததை நீங்களே மாத்தியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்னையே திருடன் ஆக்கிவிட்டார். கடைசியில், பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி, வேண்டுமானால் கடையில் 500 வெள்ளிக்கு ஏதாவது சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 4,800 வெள்ளிக்கு 500 வெள்ளி பித்தளைச் சாமான்! முடியாது என்றேன். அன்றோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 50,000 வெள்ளி வரைக்கும் வழக்கறிஞர் இல்லாமல் அங்கே போகலாம், கட்டணம் 5 வெள்ளிதான். கடை பதிவான பெயரும் பணம் போன கணக்கும் வேறு வேறாக இருப்பது எனக்குத் தலைவலி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பரிசு என்னவென்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி இரண்டாகிவிட்டது, காலையில் வேலை. அவசரமாகச் சிலது மட்டும். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் காட்டாதவரிடம் வாங்காதீர்கள், என்ன காரணம் சொன்னாலும் சரி. மடிப்பை விரலால் தொட்டுப் பாருங்கள். எழுத்தைப் படியுங்கள்: 1958 போஸ்டர் என்று சொல்லி அதில் 'புரட்சித் தலைவர்' என்று இருந்தாலோ, ஆறு இலக்கப் பின்கோடு இருந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள், இரண்டுமே 1972-ல்தான் வந்தவை. ரசீதில் 'ஒரிஜினல்', 'முதல் வெளியீடு', வருஷம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். கடைப் பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு காசு அனுப்பாதீர்கள், அனுப்புவதற்கு முன் மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அனுப்பிவிட்டீர்கள், மோசடி என்று தெரிந்தது என்றால் அந்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997-க்குக் கூப்பிடுங்கள். நான் கடைக்காரரின் பதிலுக்குக் காத்திருந்தே ஒன்பது நாளைத் தொலைத்தேன்.

கறை இருப்பது வலது கீழ் மூலையில், எம்.ஜி.ஆரின் வாள் முனைக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு. கிள்ளான் நண்பரே, இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். அதே கறையுள்ள இன்னொன்று என் வீட்டு மேசையில் கிடக்கிறது, பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன்.