பல்கனிக் கொடிக்குத் தும்புக் கயிறா, சணற்கயிறா?

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த எங்கள் பல்கனியில் வெற்றிலைக்கொடியை ஏற்றுவதற்காகப் புறக்கோட்டையில் தும்பிலும் (தேங்காய் நார்) சணலிலும் ஒவ்வொரு பந்து கயிறு வாங்கி, ஒரே சட்டத்தில் இரண்டையும் அருகருகே கட்டினேன். தென்மேற்குப் பருவமழை ஓயுமுன்பே சணற்கயிறு முடிச்சுகளில் கருத்து உக்கி, விரலால் இழுத்ததும் அறுந்தது. தும்புக் கயிறு நிறம் மங்கியதோடு சரி. அன்றிலிருந்து வெற்றிலைக்குத் தும்பையே கட்டுகிறேன்.

சணல் கைக்கு மென்மையானது, இளந்தண்டை உராயாது, இழுவிசையிலும் தும்பை எளிதாக வெல்லும். பருத்தி நூலை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. ஏறத்தாழ முழுவதும் செலுலோசாக (தாவரச் சுவரின் அடிப்படை நார்ப்பொருள்), இலிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) இல்லாமல் இருக்கும் அந்த நார் ஈரத்தில் நிலைக்காது.

எனக்கு முடிவைத் தந்தது உக்காத தன்மை ஒன்றே. அது நாரின் கலச்சுவரில் இருக்கிறது. நாம் ஒரு நார் என்று பிரித்தெடுப்பது உண்மையில் பெக்டினும் இலிக்னினும் சேர்ந்து ஒட்டிவைத்த பல கலங்களின் கட்டு. ஒவ்வொரு கலத்திலும் மெல்லிய முதற்சுவருக்கு உட்புறமாகத் தடித்த துணைச்சுவர் படைபடையாகப் படிந்திருக்கும். அதில் செலுலோசு நுண்நார்கள் சுருளாக ஓட, அவற்றின் இடைவெளியை அரைச்செலுலோசும் இலிக்னினும் நிரப்பும். பூஞ்சணங்கள் சுரக்கும் நொதியங்கள் செலுலோசையும், கிளைத்த அமைப்பால் நீரை எளிதில் ஏற்கும் அரைச்செலுலோசையும் வெட்டி உண்கின்றன. சீரற்ற பிணைப்புகளால் ஆன இலிக்னினை உடைக்க வல்ல நுண்ணுயிர்களோ மிகச் சில. சணலில் செலுலோசு 60 முதல் 70 சதவீதம், அரைச்செலுலோசு ஐந்தில் ஒரு பங்குவரை, இலிக்னின் ஏறத்தாழ 12 சதவீதம். முற்றிய தேங்காயின் பொச்சுமட்டையிலிருந்து எடுத்த தும்பில் இலிக்னின் மட்டுமே 40 சதவீதத்தைத் தாண்டும். உண்ணக்கூடியது குறைவாக இருப்பதோடு, இருக்கும் செலுலோசையும் நொதியம் நெருங்கவிடாமல் இலிக்னின் மூடி நிற்கிறது. பொச்சுமட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்த பிறகும் தும்பு கெடாமல் வெளிவருவதைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது.

காற்றடிக்கும் பல்கனியில் இன்னொரு நன்மையும் உண்டு. சணலின் நுண்நார்கள் நாரின் அச்சுக்கு ஏறத்தாழ 8 பாகை சாய்வில், கிட்டத்தட்ட நேராகவே ஓடுகின்றன. அதனால் அது பலமானது, ஆனால் இரண்டு சதவீதம்கூட நீளுமுன் அறுந்துவிடும். தும்பில் அந்தச் சாய்வு 30 முதல் 45 பாகை. இழுக்கும்போது சுருள்வில்லைப் போல விரிவதால், அறுவதற்கு முன் 15 சதவீதமோ அதற்கு மேலுமோ நீளும். கொடியின் பாரம் கூடும்போது கயிறு சற்றுத் தொய்கிறது என்பதும் உண்மை. இரண்டு முறை இழுத்துக் கட்டினேன்.

என் அனுபவம் இரண்டு மழைக்காலங்கள் மட்டுமே. வெயில் விடயத்தில் உறுதி கூறமாட்டேன், ஏனெனில் மழைக்குக் காவலாக நிற்கும் அதே இலிக்னினைப் புறவூதாக் கதிர் சிதைக்கிறது. மேற்கு வெயில் விழும் பக்கத்துக் கயிறு இப்போதே வெளிறி, நுனியில் பொடிகிறது. மிஞ்சிய சணற்பந்தைப் பயற்றங்கொடிக்கு வைத்திருக்கிறேன்: மூன்று மாதத்தில் கொடி முடிந்ததும், கயிற்றை அவிழ்க்காமலே வெட்டி உரச்சட்டியில் போட்டுவிடலாம்.