என்பிடெல் ஆன்லைன் வகுப்பு: பென்னாகரத்திலிருந்து ஒரு அனுபவம்

"இந்த வருஷம் எதையாவது உருப்படியாகப் படிக்க வேண்டும்" என்ற முடிவு எனக்கு எல்லா ஜனவரியிலும் வரும். போன வருஷம் காசு கட்டிச் சேர்ந்த ஒரு ஆப்பில் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடவில்லை, ஏனென்றால் எந்த வாரம் எதை முடிக்க வேண்டும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

என்பிடெல் (NPTEL) என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் அந்தக் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்துவது, சேரவும் வீடியோ பார்க்கவும் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம் கட்டி நேரில் தேர்வு எழுத வேண்டும். நான் எடுத்தது 12 வாரப் பாடம். வாரா வாரம் ஒரு அசைன்மென்ட், கடைசித் தேதியோடு. அதில் சிறந்த 8-ன் சராசரிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. ஆக, வேலை நெருக்கும் வாரத்தில் ஒன்று விட்டுப்போனாலும் மனம் உடைய வேண்டாம், இது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என்று தனித்தனியாக எடுத்தால்தான் தேர்ச்சி, கவனம்.

தினமும் தர்மபுரி பஸ்ஸில் போகும்போது ஒரு வீடியோ, அவ்வளவுதான் என் இலக்கு. வழியில் சிக்னலை நம்பாமல் முதல் நாள் இரவே இறக்கி வைத்துக்கொள்வேன். பேச்சு ஆங்கிலத்தில்தான், முதல் மூன்று வாரம் சிரமம், அப்புறம் காது பழகிவிட்டது. சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் கிடைக்கிறது, சேரும் முன் பாருங்கள்.

ஜூலைப் பருவத்தில் அடுத்த பாடத்தில் சேரப்போகிறேன், இந்த முறை தங்கச்சியும் கூட.