தோட்டப் பாடசாலையா, டவுன் பாடசாலையா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் எழும் கேள்வி இது.

டவுனில் வசதிகள் அதிகம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்தே பலர் அங்கே ஓடுகிறார்கள். பிள்ளை இன்னும் முதலாம் தரத்தையே பார்க்கவில்லை! விடியற்குளிரில் எழுந்து, மலை வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கி, வாந்தியெடுத்து வரும் பிள்ளைக்கு முதல் பாடவேளை தூக்கத்திலேயே போய்விடும்.

தோட்டப் பாடசாலையிலோ, பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) ஒன்றாக விளையாடிய கூட்டாளிகள் பக்கத்திலேயே இருப்பார்கள். அழுகை சீக்கிரம் அடங்கும். கொழுந்து பறிக்கும் அம்மாவும் மத்தியானத்தில் ஆசிரியரிடம் இரண்டு வார்த்தை பேசலாம். முதலாம் தரத்தில் பாட்டு, விளையாட்டு, செயற்பாடுகள்தாம் முக்கியம். அதற்குப் பெரிய கட்டடம் எதற்கு?

ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைப் பார்க்கிறாரா என்று மட்டும் விசாரியுங்கள். அப்படியென்றால் என் வாக்கு டவுனுக்கு.