ஸ்ட்ராங் எண்கள்: தேடலுக்கு ஐந்து நட்சத்திரம், அகராதிக்கு இரண்டரை

வேதாகமச் செயலிகள் பலவற்றில் ஸ்ட்ராங் எண் வசதி இலவசமாகவே வருகிறது. புதிய ஏற்பாட்டு வசனத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் போதும், அதன் கிரேக்கச் சொல்லும் ஓர் எண்ணும் வந்து நிற்கும். அந்த எண்ணைத் தேடினால் அச்சொல் வரும் வசனங்களெல்லாம் கிடைக்கும். எந்தச் சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டி 1890-இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியின் எண்கள் அவை. வேதபாடம் எடுக்கிற எனக்கு இது இல்லாமல் கை ஓடாது. ஆனாலும் இதில் பாதியைத்தான் நம்புகிறேன்.

நம்பாத பாதி, எண்ணோடு வரும் அகராதி விளக்கம். 'நேசி' என்று பொருள்படும் 'ஃபிலேயோ' (5368) பக்கத்துக்குப் போனால் ஸ்ட்ராங் அதை அதே பொருளுள்ள 'அகாபாவோ'வோடு (25) ஒப்பிட்டு, முன்னது பெரும்பாலும் இருதயத்தைச் சேர்ந்தது, பின்னது தலையைச் சேர்ந்தது என்று முடித்துவிடுகிறார். யோவான் 21-இல் 'என்னை நேசிக்கிறாயா' என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும், இவ்விரண்டு சொல்லும் மாறி வரும் இடத்தை வைத்துப் பிரசங்கிக்க இது ரொம்ப வசதி.

சரி, இப்போது எண் 25 வரும் வசனங்களையெல்லாம் வரிசையாகத் திறந்து பாருங்கள். மனுஷர் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்ற யோவான் 3:19-இல் அதே சொல். பரிசேயர் ஜெபஆலயத்தில் முதல் ஆசனங்களை விரும்புகிறார்கள் என்ற லூக்கா 11:43-இலும் அதே சொல். தேமா 'இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து' பவுலை விட்டுப் போனானே (2 தீமோத்தேயு 4:10), அந்த ஆசையும் இதே எண்தான். தேமா தலையால் யோசித்தா ஆசைவைத்தான்? பிதா குமாரனை நேசிக்கிறார் என்பதற்கு யோவான் 3:35-இல் அகாபாவோ, 5:20-இல் ஃபிலேயோ. ஸ்ட்ராங் போட்ட கோட்டை ஸ்ட்ராங்கின் எண்ணே அழித்துவிடுகிறது. இந்த வசதிக்காகத்தான் ஐந்து நட்சத்திரம்.

அகராதி நேர்மையாக இருக்கும் இடமும் உண்டு. பரமண்டல ஜெபத்தில் ஆகாரத்துக்கு அடைமொழியாக வரும் 'எப்பியூசியோஸ்' (1967): நாளைக்குரியதா, பிழைப்புக்குத் தேவையானதா என்று இரண்டையும் தந்து, பின்னதே பொருந்தும் என்று சாய்கிறார். இங்கே தேடல் உதவாது. புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 இரண்டே இடம், அதுவும் ஒரே ஜெபம். சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல் போலிருக்கிறது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே வேத அறிஞர் ஓரிகன் எழுதிவிட்டார். வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் இரண்டு இடத்துக்கும் இரண்டு வேறு சொற்களைப் போட்டார். அப்புறம் எகிப்தில் கிடைத்த ஒரு வீட்டுச் செலவுக் கணக்கில் இச்சொல் இருப்பதாக நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். தொலைந்துபோயிருந்த அந்தப் பாப்பிரஸ் (நாணல்தாள்) 1998-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. மறுபடி படித்தவர்கள் அங்கே இருப்பது 'எண்ணெய்' என்றார்கள்!

அகராதியின் பெரிய குறை அதன் வயசுதான். எகிப்தின் பழைய நகரமான ஆக்ஸிரிங்கஸின் குப்பைமேட்டைத் தோண்டத் தொடங்கியது 1896-இல். அங்கே வெளிவந்த கடிதங்கள், ரசீதுகள், மனுக்கள் எதையும் ஸ்ட்ராங் பார்த்திருக்க முடியாது. அன்றாடக் கிரேக்கம் எப்படிப் புழங்கியது என்பதைக் காட்டுவது அவைதான்.

இன்னொன்று, எண் என்பது சொல்லின் அகராதி வடிவத்துக்கு மட்டும். காலம், வேற்றுமை எல்லாம் வேண்டுமானால் இலக்கணக் குறிப்பும் சேர்ந்த செயலியாகப் பார்த்து எடுங்கள். செப்துவஜிந்தும் (பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பு) இருந்தால் விடாதீர்கள். தாமார்மேல் அம்னோனுக்கு இருந்த மோகத்துக்கும் (2 சாமுவேல் 13) அங்கே அகாபாவோதான் போட்டிருக்கிறது.